புதிய கருவியும் நல்ல ஓசையும்

வெள்ளவத்தையில் வசிக்கும் என் மைத்துனர் ஒருவர் அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றபோது, கைக்குக் கிடைத்த பணிக்கொடையில் மூன்று இலட்சம் ரூபாவைத் தனியாக எடுத்து வைத்தார். எண்பத்து நான்கு வயதான தம் தாயார் வானொலி கேட்பதையே விட்டுவிட்டார் என்பது அவருடைய கவலை. என் மாமியாகிய அந்த அம்மையார் சாதாரண நேயர் அல்லர். அறுபது ஆண்டுகளாகக் காலைச் செய்தியைத் தவற விடாதவர். அறிவிப்பாளர் ஒருவர் ளகரத்தை லகரமாக உச்சரித்தால், அன்று முழுவதும் அதனைச் சொல்லிக்காட்டுபவர். அத்தகையவர், “இப்ப றேடியோவிலை கதைக்கிறவையின்ரை சொல் ஒன்றும் தெளிவில்லை” என்று கூறி அறைக்குள் முடங்கிவிட்டார்.

மைத்துனர் ஒருநாள் விலைப்பட்டியல் ஒன்றுடன் என்னிடம் வந்தார். “அத்தான், இது நூறு வாற்று. எங்களிட்டை இருக்கிறது ஐம்பது. இதை வாங்கினால் அம்மாவுக்கு நல்லாய் விளங்கும்தானே?” என்று கேட்டார். ஒலிபரப்புத் தொழில்நுட்பத்துடன் சிறிது பழகியவன் என்ற காரணத்தால் இவ்வாறான கேள்விகள் என்னிடம் அடிக்கடி வருவதுண்டு. அன்று அவருக்கு நான் சொன்னவற்றையும், பின்னர் அவர் வீட்டிற் கண்டவற்றையும் நேயர்களுக்கும் கூறலாம் என எண்ணுகின்றேன்.

முதலில் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: இப்போதுள்ள ஓசையிலே குறை யாது? “தெளிவில்லை” என்றார். அது குறையின் பெயர் அன்று, மனக்குறையின் பெயர். சொல் விளங்கவில்லையா, மிருதங்கத்தின் தொப்பி இரைகின்றதா, வயலின் கீச்சிடுகின்றதா, எல்லாமே தூரத்திற் கேட்பது போல் உள்ளதா, இடையில் ஊங்காரம் கேட்கின்றதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தேன். தமக்குத் தொப்பியின் இரைச்சல்தான் பெருங்குறை என்றார். தாயாருக்கோ சொல் விளங்காமைதான் குறை. ஒரே வீட்டில், ஒரே கருவியில், இருவருக்கு இரு வேறு குறைகள். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து வாங்கப் போகின்றவரிடம் கடைக்காரர் தம்மிடம் உள்ள மருந்தைத்தான் தருவார்.

பாடகரின் வாயிலிருந்து நம் செவி வரை ஓசை பல கைகள் மாறி வருகின்றது. பதிவு, அதனைச் சுமந்து வரும் அலை அல்லது தட்டு, அம்பிளிபயர் என்று நாம் சொல்லும் மின்பெருக்கி, ஒலிபெருக்கி, அது நிற்கும் அறை, இறுதியில் காது. இவற்றுள் முன்னொரு கையில் தவறிப்போனதைப் பின்னொரு கை மீட்டுத் தர இயலாது. மத்திய அலையை எடுத்துக்கொள்வோம். நம் பகுதியில் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே 9 கிலோஹேட்ஸ் மட்டுமே விடப்படுகின்றது. 1978 முதல் உள்ள ஏற்பாடு இது. அண்டை நிலையம் குறுக்கிடாது கேட்கவேண்டுமாயின் செக்கனுக்குச் சுமார் 4,500 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை இழக்கத்தான் வேண்டும். பண்பலையிலே 15,000 வரை கிடைக்கும். ஆகவே மத்திய அலையில் வரும் கச்சேரியைப் பல இலட்சம் பெறுமதியான ஒலிபெருக்கியிற் கேட்டாலும் தாளத்தின் மணியோசை வந்து சேராது. வராத ஒன்றை எந்தக் கருவியும் ஒலிக்கச் செய்வதில்லை. 1925ஆம் ஆண்டுக்கு முன் பதிவான இசைத்தட்டுகளும் அவ்வாறே. அக்காலத்துப் பதிவு முறையில் ஒலிவாங்கி இல்லை. பாடகர் ஒரு கூம்பின் வாயிற் பாட, அந்த மூச்சின் விசையே ஊசியை அசைத்து மெழுகிற் கோடு கீறியது. ஒலியின் மேல் எல்லையும் கீழ் எல்லையும் அங்கேயே விடைபெற்றுவிட்டன. 1925இல் மின்முறைப் பதிவு வந்தபோது ஏற்பட்ட முன்னேற்றம் உண்மையானது. எவர் காதுக்கும் தெரிந்தது. கருவி மாறினால் ஓசை திருந்தும் என்ற நம் நம்பிக்கை வெறும் மூடநம்பிக்கை அன்று. ஆனால் விலைப்பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு 1925 காத்திருக்கின்றது என்று எண்ணுவதுதான் பிழை.

இனி அந்த நூறு வாற்றுக்கு வருவோம். வாற்று இரட்டித்தால் உரப்பும் இரட்டிக்கும் என்றுதான் பலரும் நினைப்பர். காது அவ்வாறு கணக்கிடுவதில்லை. ஆற்றலை இரட்டிப்பதால் ஒலிமட்டம் 3 தெசிபெல் மட்டுமே உயரும். அது ‘சற்றுக் கூடிவிட்டது’ என்று கூறத்தக்க அளவு, அவ்வளவே. ஓசை இருமடங்கு உரத்துக் கேட்பதாக நமக்குத் தோன்றுவதற்கு ஏறக்குறைய 10 தெசிபெல் வேண்டும். அதற்கு ஆற்றல் பத்து மடங்காதல் வேண்டும். ஐம்பது வாற்றுக்காரர் ஐந்நூறு வாற்றுக்குப் போக வேண்டும் என்பது இதன் பொருள். இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், வீட்டு அறையில் இயல்பான உரப்பிற் கேட்கும்போது பெரும்பாலும் ஒரு வாற்றுக்கும் குறைவாகவே செலவாகின்றது. தவிலிலே ஓங்கி ஓர் அடி விழும் அந்தக் கணத்தில் மட்டும் பல மடங்கு தேவைப்படலாம். அதற்கும் ஐம்பது தாராளம்.

இதைவிட முக்கியமான எண் ஒன்று ஒலிபெருக்கியின் பின்புறத்திலோ, அதனுடன் வரும் கையேட்டிலோ இருக்கும். ஒரு வாற்றுக் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் எத்தனை தெசிபெல் ஒலிக்கும் என்பதே அது. மைத்துனருடையது 86. வேறொன்று 89 ஆக இருப்பின், அது மட்டுமே அம்பிளிபயரை இரட்டித்ததற்குச் சமம். கடையில் இதைப்பற்றிக் கேட்பவர்கள் குறைவு. வாற்றைப்பற்றிக் கேட்காதவர்கள் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குச் சென்றேன். காலி வீதிக்கு அருகே, நான்காம் மாடியில் உள்ள வீடு. தரை முழுவதும் பளபளக்கும் ஓடு. கடற்பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஒலிபெருக்கிகள் இரண்டும் அறையின் இரு மூலைகளில், கண்ணாடி அலுமாரியின் இரு பக்கத்திலும் சுவரோடு ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. நான் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டினேன். அந்த ஓசை சுவருக்குச் சுவர் துள்ளிச் சிறகடித்து ஓய்ந்தது. “கச்சேரி தொடங்க முதலே கைதட்டா?” என்று மைத்துனர் சிரித்தார்.

1895ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இதே தொல்லை தோன்றிற்று. புதிதாகக் கட்டிய பொக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் ஆசிரியர் பேசுவது ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் ஒலித்து அடங்குவதற்கு ஏறக்குறைய ஐந்தரைச் செக்கன் எடுத்தது. அதற்குள் அடுத்த பத்துப் பதினைந்து சொற்கள் அதன்மேல் வந்து விழுந்தன. இதனைத் தீர்க்குமாறு வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவரிடம் இருந்தவை ஓர் ஓர்கன் குழல், நேரம் பார்க்கும் கருவி, தம் காது ஆகியவை மட்டுமே. வீதி ஓசை அடங்கிய இரவு வேளைகளில், அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவல் பெற்று வந்து மண்டபத்தில் அடுக்குவார். குழலை ஊதி நிறுத்தி, ஒலி மறையும் நேரத்தை அளப்பார். விடியுமுன் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவார். மெத்தை கூடக்கூட எதிரொலிப்பு நேரம் குறைந்துகொண்டே போயிற்று. கட்டட ஒலியியல் என்ற துறை அந்த மெத்தைகளிலிருந்து பிறந்ததே. 1900இல் திறக்கப்பட்ட பொஸ்ரன் சிம்பனி மண்டபம் சபைனின் கணக்கைக் கொண்டு அமைக்கப்பட்டது.

அந்தக் கணக்கு நம் வீட்டுக்கும் பொருந்தும். அறையின் கனவளவைக் கன மீற்றரில் எடுத்து 0.161 ஆற் பெருக்கி, அறையிலுள்ள பொருள்கள் ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பினாற் பிரித்தால் எதிரொலிப்பு நேரம் கிடைக்கும். மைத்துனரின் அறை 5 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம். ஆக 60 கன மீற்றர். ஓடும் கண்ணாடியும் சீமெந்தும் தம்மேற் படும் ஒலியில் நூற்றுக்கு ஐந்தளவே உறிஞ்சுகின்றன எனக் கொண்டால், உறிஞ்சும் பரப்பு ஐந்து சதுர மீற்றரும் தேறாது. விடை ஏறக்குறைய 2 செக்கன். தடித்த திரைச்சீலை, கம்பளம், மெத்தை இருக்கை, புத்தக அடுக்கு ஆகியன சேர்ந்து மேலும் பத்துச் சதுர மீற்றர் அளவுக்கு உறிஞ்சுமாயின், அது முக்காற் செக்கனுக்கும் கீழே இறங்கிவிடும். எந்த அம்பிளிபயரும் இதனைச் செய்து தராது.

தொப்பி இரைவதற்குக் காரணம் வேறு. ஒலி செக்கனுக்குச் சுமார் 343 மீற்றர் செல்கின்றது. 5 மீற்றர் இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரு சுவர்களுக்கிடையே செக்கனுக்கு 34 அதிர்வுள்ள ஒலியும், அதன் மடங்குகளான 69, 103 ஆகியவையும் ஊஞ்சல்போல ஆடி வலுப்பெறும். அறை தானே ஒரு வாத்தியமாகி அந்தச் சுருதிகளை மட்டும் தூக்கிப் பாடும் என்று கூறலாம். மூலையில் வைக்கப்பட்ட ஒலிபெருக்கி இந்த ஆட்டத்தை மிகப் பலமாகத் தள்ளிவிடுகின்றது. நாங்கள் இருவரும் அவற்றைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னுக்கு இழுத்து, காதின் உயரத்துக்கு வருமாறு இரண்டு மர முக்காலிகளின் மேல் வைத்தோம். மைத்துனரின் மனைவி பெட்டியில் மடித்து வைத்திருந்த பழைய தடித்த திரைகளை எடுத்துக் கண்ணாடிக்குக் கட்டினார். பழைய மிருதங்கத் தனியாவர்த்தனம் ஒன்றை வைத்துப் பார்த்தோம். தொப்பி அடித்த இடத்திலேயே நின்றது. மைத்துனர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அத்தான், மூன்று இலட்சம் மிச்சம்” என்றார். நான் அவரை அவசரப்பட வேண்டாம் என்றேன். ஏனெனில் காதை நம்புவதிலும் ஓர் ஆபத்து உண்டு.

நம் காது நேர்மையானதுதான். ஆனால் அதனைக் கேட்டு விளங்கிக்கொள்ளும் மனம் இலகுவில் மயங்குவது. எடிசன் கம்பனியார் 1915 முதல் அமெரிக்க நகரங்களில் ஒரு காட்சி நடத்தினார்கள். மேடையிற் பாடகி ஒருவர் நிற்பார். அருகில் இசைத்தட்டுப் பெட்டி. பாடகியும் பெட்டியும் மாறிமாறிப் பாட, நடுவே விளக்கு அணையும். விளக்கு எரியும்போது பாடகி மேடையில் இல்லை, பெட்டிதான் பாடிக்கொண்டிருக்கும். வேறுபாடே தெரியவில்லை என்று சபையோர் வியந்தார்கள். அந்தப் பெட்டியின் ஓசையை இன்று கேட்டால் நாம் ஒரு கணமும் ஏமாறமாட்டோம். இக்காட்சிகளிற் பாடிய அன்னா கேஸ் என்ற பாடகி, பெட்டியின் ஓசைக்கு ஏற்பத் தம் குரலை அடக்கிப் பாடியதாகப் பிற்காலத்திற் கூறினார். எதிர்பார்ப்பு எவ்வளவு தூரம் காதை இழுத்துச் செல்லும் என்பதற்கு இது சான்று.

புதிய கருவி கடையில் நன்றாக ஒலிப்பதன் இரகசியமும் இதுவே. இரு கருவிகளுள் ஒன்று மற்றதைவிடச் சற்று உரக்க ஒலித்தாற் போதும். அது ‘உரப்பு’ என்று தோன்றாது, ‘தெளிவு’ என்றும் ‘கனம்’ என்றும் தோன்றும். ஒரு தெசிபெல்லுக்கும் குறைந்த வேறுபாடே இதற்குப் போதுமானது. மேலும், மெதுவாக ஒலிக்கும்போது தாழ்ந்த சுருதிகளை நம் காது குறைவாகவே உணர்கின்றது. பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் 1933இல் இதனை அளந்து காட்டினார்கள். ஆகவே ஒப்பிட விரும்புவோர் இரண்டையும் ஒரே உரப்பில் வைத்தல் வேண்டும். இன்று கைத்தொலைபேசியிலேயே ஒலிமட்டம் அளக்கும் வசதி உண்டு, பெருமட்டாகவேனும் உதவும். அடுத்தது, எது ஒலிக்கின்றதென்று பார்க்கக் கூடாது. வீட்டிலுள்ள பிள்ளை ஒருவரை மாற்றிமாற்றி ஒலிக்கச் செய்து, திரும்பி இருந்து கேட்டு, இருபது முறை விடையை எழுத வேண்டும். இருபதில் பத்துச் சரியென்றால் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. காசைச் சுண்டினாலும் அதே விடைதான் வரும். பதினைந்துக்கு மேலென்றால் வேறுபாடு உண்டு என்று நம்பலாம்.

புளொயிட் டூல், ஷோன் ஒலிவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஒரே ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னும் கண்முன்னும் வைத்துக் கேட்பித்தார்கள். கண்ணாற் கண்டபோது, பெயரும் பருமனும் அழகும் கேட்டவர்களின் தீர்ப்பை மாற்றிவிட்டன. அனுபவம் மிக்கவர்களும் இதற்கு விலக்கல்லர். 2007இல் அமெரிக்காவின் பொஸ்ரன் பகுதியைச் சேர்ந்த ஒலி ஆர்வலர் இருவர், உயர்தரமென விற்கப்படும் நுண்பதிவுகளைச் சாதாரண இறுவட்டின் அளவுக்குக் குறைத்து ஒலிக்கச் செய்து, வேறுபாடு தெரிகின்றதா என்று 554 முறை சோதித்தார்கள். 276 முறை விடை சரி. காசைச் சுண்டியதற்கு இதைவிட நெருங்கிய எண் கிடைப்பது அரிது. 1982இல் வெளிவந்த இறுவட்டு செக்கனுக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிகின்றது. செக்கனுக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும் இளங்காதுக்கு அதுவே போதும். வெள்ளவத்தையிலே காலி வீதி பஸ் வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே கேட்பவருக்கு அதுவே மிகை.

விலையுயர்ந்த கம்பிகளைப்பற்றிக் கேட்பவர்களும் உளர். சாதாரணமான ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியில் ஐந்து மீற்றர் தூரம் போய்த் திரும்பினால், தடை 0.12 ஓம் அளவில் இருக்கும். ஒலிபெருக்கியின் தடை 8 ஓம். இதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

எனின், கருவியை மாற்றவே கூடாதா? அப்படிச் சொல்லேன். கைத்தொலைபேசியின் உள்ளேயிருக்கும் நகத்தளவு ஒலிபெருக்கியிற் பாட்டுக் கேட்பவர், சுமாரான பெட்டி ஒன்றை வாங்கினாலே மிருதங்கத்துக்கு இடக்கை உண்டென்பதை முதன்முறை அறிவார். தனியே கேட்பவருக்கு, காதிற் பொருத்தும் நல்ல ஹெட்போன் ஒன்று அறையின் குறைகளையெல்லாம் ஒரேயடியாக நீக்கிவிடும், விலையும் குறைவு. பழைய ஒலிபெருக்கிகளின் கூம்பைச் சுற்றியுள்ள பஞ்சு விளிம்பு நம் ஈரக் காற்றிலும் உப்புக் காற்றிலும் உக்கி உதிர்வதுண்டு. முன் தட்டைக் கழற்றிப் பார்த்தாற் தெரியும். பழைய அம்பிளிபயரில் ஓயாத ஊங்காரம் கேட்டால் மின்வழங்கியிலுள்ள கொள்ளளவி பழுதாகி இருக்கலாம். அதைப் பழுது பார்ப்பவர் சிறு தொகைக்கு மாற்றித் தருவார். இசைத்தட்டுக் கேட்பவர் ஊசியைக் கவனிக்க வேண்டும். தேய்ந்த ஊசி ஓசையைக் கெடுப்பதோடு, மறுபடி வாங்க முடியாத தட்டையும் உழுதுவிடும். இவையெல்லாம் பெயர் சொல்லக்கூடிய குறைகள். இவற்றுக்குச் செலவழிப்பது வீணன்று.

இத்தனையும் பேசி முடிந்து, தேநீர் வந்தபோதுதான் மாமியை அழைத்து வந்து நாற்காலியில் இருத்தினோம். பண்பலையிற் செய்தி வாசிக்கப்பட்டது. எனக்கு ஒவ்வொரு சொல்லும் கணீரென்று கேட்டது. மாமி சற்றுநேரம் கேட்டிருந்துவிட்டு, “குரல் கேக்குது, தம்பி. சொல்தான் விளங்கேல்லை” என்றார். மைத்துனர் உடனே உரப்பைக் கூட்டினார். மாமி முகத்தைச் சுளித்துக் கையாற் காதைப் பொத்தினார்.

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. பேச்சிலே அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் செக்கனுக்கு ஆயிரம் அதிர்வுக்குக் கீழேயே தங்கியுள்ளது. சகரம், தகரம், டகரம் போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களோ இரண்டாயிரத்துக்கு மேலே இருக்கின்றன. குரல் இருப்பது கீழே; சொல் இருப்பது மேலே. முதுமையிற் காது மேலிருந்துதான் கேள்வியை இழக்கத் தொடங்குகின்றது. அப்பொழுது ‘யாரோ பேசுகின்றார்கள்’ என்பது தெரியும். ‘என்ன பேசுகின்றார்கள்’ என்பது தெரியாது. உரப்பைக் கூட்டினால் ஏற்கெனவே கேட்கும் உயிரொலிகள் முழங்கி வலிக்கச் செய்யும். இழந்த மெய்யொலிகள் திரும்புவதில்லை. நூறு வாற்று அம்பிளிபயர் அவருக்கு நூறு வாற்றுத் தலைவலியைத்தான் தந்திருக்கும். முதியவர் ஒருவர் வானொலியைக் குறை சொல்லத் தொடங்கினால், வீட்டார் முதலில் வானொலியைப் பார்க்கிறார்கள். அவருக்கும் அதுவே வசதியாக இருக்கின்றது. தம் காது குறைந்துவிட்டது என்று சொல்வதைவிட, அறிவிப்பாளர் விழுங்கி விழுங்கிப் பேசுகிறார் என்று சொல்வது எளிது. நாளடைவில் வானொலி மட்டுமன்றி, வீட்டாரின் பேச்சும் அவரைச் சென்றடைவதில்லை. அவர் கேட்டும் கேளாதவராகச் சிரித்துத் தலையாட்டப் பழகிக்கொள்கிறார். மாமி சில மாதங்களாக அப்படித்தான் தலையாட்டி வந்தார் என்பது அன்றுதான் மைத்துனருக்கு உறைத்தது.

காது மூக்குத் தொண்டை வைத்தியர் முதலில் குறும்பி அடைத்திருக்கின்றதா என்று பார்த்தார். இடக் காதிற் சிறிது இருந்தது, அதை எடுத்தார். அதன்பின் செவிப்புலன் பரிசோதனை செய்து ஒரு வரைபடம் தந்தார். கோடு ஆயிரம் அதிர்வு வரை மட்டமாகச் சென்று, அதன்பின் மலைச்சரிவுபோல இறங்கியிருந்தது. அந்தச் சரிவுக்கு ஏற்ப மேற்சுருதிகளை மட்டும் உயர்த்தித் தருமாறு சரிசெய்யப்பட்ட, காதின் பின்னாற் பொருத்தும் கருவிகள் இரண்டு வாங்கப்பட்டன. விலைப்பட்டியலில் இல்லாத அந்தப் புதிய ஒலிக்கருவிக்குத்தான் பணிக்கொடையின் பெரும் பங்கு போயிற்று. முதல் இரண்டு கிழமையும், காகம் கத்துவதும் கோப்பை மோதுவதும் தாங்க முடியவில்லை என்று கூறி அதைக் கழற்றிக் கழற்றி வைத்தார். பழகுவதற்கு நாள் எடுக்கும் என்று வைத்தியர் முன்னரே சொல்லியிருந்தார்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் காலையில் மைத்துனரின் தொலைபேசி அழைப்பு வந்தது. பின்னணியில் செய்தி ஒலித்துக்கொண்டிருந்தது. அதற்கும் மேலாக மாமியின் குரல் கேட்டது: “உந்தப் பிள்ளைக்கு ளகரம் சொல்லிக் குடுக்க ஒருத்தரும் இல்லையே?”